மின்சாரத்தை வெப்பமாகச் சேமிப்பது வீண் வேலையா?

கேள்வி இதுதான்: “காற்றாலையும் சூரியத் தகடும் தேவைக்கு மேல் மின்சாரம் தரும் நேரங்களில் அதை மணலிலும் செங்கலிலும் வெப்பமாக ஏற்றி வைக்கலாம் என்கிறார்கள். மின்சாரம் உயர்ந்த சரக்கு, வெப்பம் மட்டமான சரக்கு என்றுதானே படித்தோம்? திரும்ப மின்சாரமாக்கினால் பாதிக்கு மேல் போய்விடும். பேட்டரி இருக்கும்போது இது எதற்கு?”

கேட்டவர் படித்தது சரிதான். ஆனால் கேள்விக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: சேமித்த வெப்பத்தைத் திரும்ப மின்சாரமாக்கியே தீர வேண்டும் என்பது. பெரும்பாலான இடங்களில் அதற்குத் தேவையே இல்லை. வெப்பமாகச் சேமித்ததை வெப்பமாகவே செலவழிக்கலாம். ஒழுங்காகக் கட்டிய அமைப்பில் அப்போது இழப்பு நூற்றுக்குப் பத்தைத் தாண்டாது. உலைகளோடும் பாய்லர்களோடும் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமலே பல வாதங்கள் நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த இழப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். மின்சாரத்தை வெப்பமாக்குவதைவிட எளிதான வேலை கிடையாது. ஒரு கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் போதும். நூறு யூனிட் மின்சாரம் நூறு யூனிட் வெப்பமாகிவிடும். திரும்பி வரும் வழிதான் குறுகல். வெப்பத்திலிருந்து வேலை வாங்க வேண்டுமானால் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு வேண்டும். எடுத்த வெப்பத்தில் ஒரு பங்கைக் குளிர்ந்த பக்கத்தில் கொட்டியே ஆக வேண்டும். 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாதி கார்னோ கண்டு சொன்ன எல்லை இது. 565 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை வைத்துக்கொண்டு 27 டிகிரிச் சூழலில் ஓர் இயந்திரத்தை ஓட்டினால், கோட்பாட்டளவில்கூட 64 விழுக்காட்டுக்கு மேல் வேலை கிடைக்காது. நடைமுறையில் நீராவி டர்பைன் தருவது 40ஐ ஒட்டித்தான் இருக்கும்.

ஸ்பெயின் நாட்டில் கிரனாடா மாகாணத்தில் இருக்கும் அண்டசோல் சூரிய அனல் மின்நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் அலகில் 28,500 டன் உப்பு உருகிய நிலையில் இரண்டு பெரிய தொட்டிகளில் இருக்கிறது. முழுதாகச் சூடேறினால் 1,010 மெகாவாட் மணி வெப்பத்தைத் தாங்கி நிற்கும் (ஒரு மெகாவாட் மணி என்றால் ஆயிரம் யூனிட்). அந்த வெப்பம் 50 மெகாவாட் டர்பைனை ஏழரை மணி நேரம் ஓட்டும். பெருக்கிப் பாருங்கள்: 375 மெகாவாட் மணி. அதாவது 37 விழுக்காடு. அங்கே இது நியாயமான வியாபாரம். ஏனென்றால் உப்பைச் சூடாக்குவது மின்சாரம் அல்ல, கண்ணாடிகள் குவித்துத் தரும் வெயில். கையில் இருக்கும் மின்சாரத்தையே எடுத்துச் சூடாக்கி, அதை மறுபடி மின்சாரமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. லித்தியம் பேட்டரியில் நூறு போட்டால் 85 முதல் 90 வரை திரும்பக் கிடைக்கும். மேல் அணைக்கு நீரேற்றிச் சேமித்தால் 70 முதல் 80 வரை. இவற்றோடு 40ஐ நிறுத்தினால் கேள்வி கேட்டவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

ஆனால் உலகம் எரிசக்தியை எதற்குச் செலவிடுகிறது என்று பாருங்கள். நுகர்வோர் கைக்கு வந்து சேரும் மொத்த எரிசக்தியில் ஏறத்தாழப் பாதி வெப்பத்துக்கே போகிறது. கட்டடங்களைச் சூடாக்குவது, வெந்நீர், சமையல், இவை ஒரு பக்கம். துணிக்குச் சாயமேற்ற, காகிதத்தை உலர்த்த, பாலைப் பதப்படுத்த, உப்பைக் காய்ச்ச, ரசாயனங்களைக் கொதிக்கவைக்க என்று தொழிற்சாலைகள் கேட்கும் நீராவி இன்னொரு பக்கம். இன்று அதில் பெரும்பகுதி நிலக்கரியையும் எரிவாயுவையும் எண்ணெயையும் எரித்து வருகிறது. 160 டிகிரி நீராவி கேட்கும் ஓர் ஆலைக்கு அந்த வெப்பம் தீச்சுடரிலிருந்து வந்ததா, சூடான கல்லிலிருந்து வந்ததா என்பது தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. அங்கே கார்னோவின் எல்லை குறுக்கே வராது. வெப்பமாக ஏற்றினோம், வெப்பமாக இறக்கினோம். நடுவில் கசிந்தது மட்டுமே நட்டம்.

“சரி, ஆலைக்கு வெப்பம் கிடைத்தது. மின்தொகுப்புக்கு என்ன லாபம்? அது கேட்டது மின்சாரம் அல்லவா?” என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். மின்நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் மின்தொகுப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்க வேண்டும். உற்பத்தி மிஞ்சினால் அதிர்வெண் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை ஊசலாடுகிறது என்ற எண்) ஏறும். செலவு மிஞ்சினால் இறங்கும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் தொகுப்பு அதிலிருந்து சிறிது விலகினாலே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். இந்தச் சமன்பாட்டில் 10 மெகாவாட் புதிதாகத் தருவதும், ஓடிக்கொண்டிருக்கும் 10 மெகாவாட் பளுவை நிறுத்துவதும் ஒரே பலனைத்தான் தரும். தொகுப்பைச் சமன்செய்ய மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. வேண்டாத நேரத்தில் வாங்காமல் இருந்தால் போதும். வெப்பச் சேமிப்பு தொகுப்புக்குச் செய்யும் உதவி அதுதான்: மின்சாரம் மலிந்து கிடக்கும்போது வயிறு நிறைய வாங்கிக்கொண்டு, தட்டுப்பாடான நேரத்தில் ஒரு யூனிட்கூடக் கேட்காமல் ஆலையை ஓட்டிக்காட்டுகிறது.

மலிந்து கிடக்கும் நேரம் என்றால் எவ்வளவு? கலிபோர்னியாவின் மின்தொகுப்பில் 2024ஆம் ஆண்டு மட்டும் 34 இலட்சம் மெகாவாட் மணி சூரிய, காற்று மின்சாரத்தை எடுத்துக்கொள்ள வழியில்லாமல் நிறுத்தி வைத்தார்கள். யூனிட் கணக்கில் 340 கோடி. அதில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சூரிய மின்சாரம். ஜெர்மனியின் மின்சார மொத்த விற்பனைச் சந்தையில் அதே ஆண்டில் 457 மணி நேரம் மின்சாரத்தின் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது; வாங்கிக்கொள்பவருக்குப் பணம் கொடுத்தார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது பழமொழி. அந்த 457 மணி நேரமும் காற்று இருந்தது, வெயில் இருந்தது. தூற்றிக்கொள்ளும் முறம்தான் போதவில்லை.

இனி பொருள்களுக்கு வருவோம். எதில் சேமிப்பது? எளிய கணக்கு ஒன்று போதும். ஒரு கன மீட்டர் தண்ணீரை 45 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோனால் 58 யூனிட் வெப்பம் அதில் தங்கும். தண்ணீருக்கு இணையாக எடைக்கு எடை வெப்பம் தாங்கும் மலிவான பொருள் கிடையாது. ஆனால் நூறு டிகிரியோடு அதன் ஓட்டம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் அழுத்தக் கலன் வேண்டும், செலவு ஏறிவிடும். செங்கல்லும் மணலும் பாறையும் டிகிரிக்கு டிகிரி தண்ணீரில் கால்பங்கு வெப்பத்தைத்தான் வாங்கும். ஆனால் அவற்றை ஆயிரம் டிகிரி ஏற்றி இறக்கலாம். உலைச் செங்கல் ஒரு டன்னை அப்படி ஏற்றினால் சுமார் 280 யூனிட். கார்களில் வரும் லித்தியம் பேட்டரித் தொகுதி ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 150 யூனிட் வைத்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்று மின்சாரம், மற்றது வெப்பம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாதுதான். ஆனாலும் மண்ணைச் சுட்டுச் செய்த செங்கல் இவ்வளவு சுமக்கிறது என்பது முதல் முறை கணக்குப் போட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. அதில் அரிய உலோகம் எதுவும் இல்லை. பல ஆயிரம் முறை ஏற்றி இறக்கினாலும் அதன் கொள்ளளவு பேட்டரியைப் போலத் தேய்வதில்லை.

மணலை வைத்து ஃபின்லாந்தில் செய்திருக்கிறார்கள். கான்கான்பா என்ற ஊரில் போலார் நைட் எனர்ஜி நிறுவனம் 2022இல் ஓர் எஃகுக் கொள்கலனில் 100 டன் மணலைக் கொட்டி, காற்றை மின்சாரத்தால் சூடாக்கி மணலுக்குள் குழாய்கள் வழியே சுழற்றியது. மணல் 500, 600 டிகிரி வரை ஏறும். கொள்ளளவு 8 மெகாவாட் மணி. அடுத்ததாக 2025இல் போர்னைனென் என்ற சிற்றூரில் 100 மெகாவாட் மணிக்கு ஒன்றைக் கட்டினார்கள். 13 மீட்டர் உயரம், 15 மீட்டர் அகலம். உள்ளே சுமார் 2,000 டன் மாக்கல் தூள். கணப்பு அடுப்பு செய்யும் தொழிற்சாலையில் உடைந்து மிஞ்சிய கல் அது. ஊரின் நிலத்தடிக் குழாய்களில் வெந்நீர் ஓடி வீடுகளைச் சூடாக்குகிறது. அந்த வெந்நீருக்கு இந்தக் கல்தூள் கொள்கலன் குளிர்காலத்தில் ஏறத்தாழ ஒரு வாரத் தேவையைத் தாங்கும்.

மணலில் ஒரு சிக்கல் உண்டு. அது வெப்பத்தைத் தானாகப் பரப்பாது. மணல் துகள்களுக்கு இடையே காற்று இருப்பதால் ஓர் இடத்தில் சூடேற்றினால் இரண்டு கை அகலம் தள்ளி நெடுநேரம் ஒன்றும் தெரியாது. இதே குணம்தான் வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கவும் உதவுகிறது. ஆனால் உள்ளே ஏற்றவும் இறக்கவும் குழாய்களை நெருக்கமாக விட வேண்டியிருக்கிறது. மணல் மலிவு என்று கேட்பவர்கள் குழாயின் விலையை மறந்துவிடுகிறார்கள்.

செங்கல் விஷயத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் இல்லை. எட்வர்ட் கௌப்பர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1857இல் காப்புரிமை பெற்ற வெப்ப அடுப்பு இன்றும் உலகெங்கும் இரும்பு உருக்கும் ஊது உலைகளின் பக்கத்தில் நிற்கிறது. உயரமான எஃகு உருளை. உள்ளே துளையுள்ள செங்கல் அடுக்கு. உலையிலிருந்து வரும் வாயுவை எரித்து அந்தச் செங்கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். பிறகு வால்வைத் திருப்பி, அதே செங்கற்களின் வழியே குளிர்ந்த காற்றை ஊதுவார்கள். அது 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டோடு உலைக்குள் போகும். ஓர் அடுப்பு வெப்பம் கொடுக்கும்போது இன்னொன்று வெப்பம் வாங்கிக்கொண்டிருக்கும். வாயுவை எரிப்பதற்குப் பதில் மின்சாரக் கம்பி என்று வைத்துக்கொண்டால், இன்று செய்தித்தாள்கள் “வெப்ப பேட்டரி” என்று எழுதுவது ஏறக்குறைய இதுதான்.

மின்சாரத்தையும் செங்கலையும் சேர்த்ததும் புதிதல்ல. பிரிட்டனில் 1978இல் இரவு ஏழு மணி நேரம் மலிவு விலை மின்சாரம் என்று ஒரு கட்டணத் திட்டம் வந்தது. இரவில் அனல், அணு மின்நிலையங்களின் மின்சாரம் தேங்கியது. அதை வீடுகளில் செங்கல் வைத்த ஹீட்டர்களில் ஏற்றினார்கள். பெட்டியைத் திறந்தால் கனமான கரிய செங்கற்கள், நடுவே ஹீட்டர் கம்பிகள், சுற்றிலும் வெப்பக் காப்பு, வேறொன்றும் இருக்காது. பழைய மாடல்களைப் பயன்படுத்தியவர்கள் இன்றும் அதைப் பற்றி நல்லபடியாகப் பேசுவதில்லை. காப்பு மெலிதாக இருந்ததால் வீட்டில் ஆள் இல்லாத முற்பகலில் வெப்பம் தானாக வெளியேறி, எல்லோரும் திரும்பும் மாலை நேரத்தில் பெட்டி ஆறிப்போயிருக்கும். நாளை எவ்வளவு குளிரும் என்று தெரியாமல் இன்றிரவே எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்யவும் வேண்டியிருந்தது. தவறு செங்கலில் இல்லை. எப்போது கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது அந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டில் இல்லை.

இன்று தொழிற்சாலைகளுக்கென்று வரும் செங்கல் அமைப்புகள் அந்தக் கட்டுப்பாட்டில்தான் முன்னேறியிருக்கின்றன. கலிபோர்னியாவின் ரோண்டோ நிறுவனம் 2023இல் ஓர் எத்தனால் ஆலையில் 2 மெகாவாட் மணி அளவில் ஒன்றை நிறுவியது. 2025இல் 100 மெகாவாட் மணி அளவில் ஒன்றை ஓட்ட ஆரம்பித்தது. உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். செங்கற்களை இடைவெளி விட்டு, சிறு சிறு அறைகளாக அடுக்கியிருப்பார்கள். ஹீட்டர் கம்பி செங்கல்லைத் தொடாது. பழுத்து ஒளிரும், அந்த ஒளிதான் செங்கல்லைச் சூடாக்கும். 500 டிகிரியில் இருக்கும் ஒரு பரப்பு வீசும் கதிர்வீச்சைப் போல ஏழு மடங்கு, 1,000 டிகிரியில் இருக்கும் அதே பரப்பு வீசும். அதனால் சூடு ஏற ஏற வெப்பம் மூலை முடுக்கெல்லாம் தானே சீராகப் பரவுகிறது. முதலில் மங்கிய சிவப்பு, பிறகு ஆரஞ்சு, பிறகு கண் கூசும் மஞ்சள். அந்த நிலையில் எது செங்கல், எது கம்பி என்று பிரித்தறிய முடியாது. வெப்பம் தேவைப்படும்போது அடியிலிருந்து காற்றை ஊதி மேலே சூடாக எடுத்து, ஒரு பாய்லரின் குழாய்களைக் கடக்கவிட்டு நீராவியாக்குகிறார்கள். காற்றின் வேகத்தைக் கூட்டினால் நீராவி கூடும், குறைத்தால் குறையும். மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது நீராவிக் குழாயின் அந்த முனையில் இருப்பவருக்குத் தெரியாது.

கோளாறு வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, கம்பி. இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த உலோகக் கம்பி தன் மேல் ஓர் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலத்தை வளர்த்துக்கொண்டு காற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆனால் அதன் தாங்கும் எல்லை 1,400 டிகிரிக்கு அருகில் முடிகிறது. கம்பி எப்போதும் செங்கல்லைவிடச் சூடாக இருந்தாக வேண்டும் என்பதால், அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் கம்பியின் ஆயுள்தான் முதலில் குறையும். மற்றொன்று, செங்கல்லின் விரிசல். ஆறும்போது உலைச் செங்கல் டிக், டிக் என்று சத்தம் போடும். உலை அணைத்த இரவுகளில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். வெளிப்பரப்பு சுருங்குகிறது, உள்பகுதி இன்னும் விரிந்தே இருக்கிறது, அந்த இழுபறியின் ஓசை அது. தினம் ஒருமுறை ஏறி இறங்கும் அமைப்பில் செங்கல்லின் வடிவத்தை இதற்காகவே பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும்.

காப்பைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். நான் வேலை செய்த ஓர் ஆலையில் சூடான எண்ணெய்த் தொட்டி ஒன்று ஒரு பருவத்தில் மட்டும் காரணமே தெரியாமல் வெப்பத்தை இழந்துகொண்டிருந்தது. பம்பைப் பார்த்தோம், வால்வைப் பார்த்தோம், அளவுமானிகளை மாற்றினோம். கடைசியில் மழை விட்ட ஒரு காலையில் தொட்டியின் தோள்பட்டையில் மெல்லிய ஆவி எழுவதைப் பார்த்தேன். மேல் தகட்டில் ஓர் ஆணித் துளை துருப்பிடித்து அகன்றிருந்தது. அதன் வழியே மழைநீர் இறங்கி, உள்ளே ராக் வூல் என்ற பாறை நார்க் காப்பு ஒரு ஆள் அகலத்துக்கு ஊறிப்போயிருந்தது. ஊறிய காப்பு காப்பே அல்ல. வெப்பத்தைச் சேமிக்கும் எந்த அமைப்பையும் விலை பேசும்போது, உள்ளே என்ன கல் என்று கேட்பதற்கு முன் வெளித்தகட்டின் மூட்டுகளை யார் பராமரிப்பார்கள் என்று கேளுங்கள்.

அளவு பெரிதாக ஆக இழப்பு குறைகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். வெப்பம் தங்குவது கன அளவில், கசிவது மேற்பரப்பில். ஒரு மீட்டர் கனசதுரத்தைப் பத்து மீட்டர் கனசதுரமாக்கினால் மேற்பரப்பு நூறு மடங்கு, கொள்ளளவு ஆயிரம் மடங்கு. அதே காப்பைப் போட்டாலும் ஒரு யூனிட்டுக்கான கசிவு பத்தில் ஒன்றாகிவிடும். பெர்லினின் ராய்ட்டர் வெஸ்ட் மின்நிலையத்தில் 5 கோடியே 60 இலட்சம் லிட்டர் வெந்நீர்த் தொட்டி ஒன்று நிற்கிறது. 45 மீட்டர் உயரம். 2,600 மெகாவாட் மணி வெப்பம் தாங்கும். அதே வளாகத்தில் 120 மெகாவாட் மின்பாய்லர்கள் இருக்கின்றன. ஹெல்சின்கியில் முஸ்திக்கமா தீவுக்கு அடியில், முன்பு எண்ணெய் வைத்திருந்த பாறைக் குகைகளில் இப்போது வெந்நீர் இருக்கிறது. கொள்ளளவு 11,600 மெகாவாட் மணி. இவை மிகப் பழைய, மிக எளிய தொழில்நுட்பம். ஆனால் ஒரு யூனிட்டைச் சேமிக்கும் செலவில் இவற்றுக்குப் பக்கத்தில் எந்த பேட்டரியும் வர முடியாது.

உருகிய உப்பு, பனிக்கட்டி போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோடியம் நைட்ரேட் 60, பொட்டாசியம் நைட்ரேட் 40 என்று கலந்த உப்பு 565 டிகிரி வரை தண்ணீரைப் போல ஓடும். பம்ப் வைத்துத் தள்ளலாம் என்பது பெரிய வசதி. 240 டிகிரிக்குக் கீழே இறங்கினால் உறைய ஆரம்பிக்கும் என்பது பெரிய தலைவலி. குழாய்க்குள் உறைந்துவிட்டால் அதை மறுபடி உருக்கி எடுப்பது எளிதல்ல. குளிர்ச்சி தேவைப்படும் கட்டடங்களில் மிஞ்சிய மின்சாரத்தால் பனிக்கட்டி செய்து வைக்கலாம். ஒரு டன் பனிக்கட்டி உருகும்போது 93 யூனிட் வெப்பத்தை உறிஞ்சும். இதுவும் அதே குடும்பம்தான்.

திரும்ப மின்சாரமாக்கும் முயற்சிகளை நான் ஒதுக்கிவிடவில்லை. ஹாம்பர்க் நகரில் சீமென்ஸ் கமேசா நிறுவனம் 2019இல் 1,000 டன் எரிமலைப் பாறையை 750 டிகிரிக்குச் சூடாக்கி, 130 மெகாவாட் மணி வெப்பத்தைச் சேமித்து, சிறிய நீராவி டர்பைன் ஒன்றை ஓட்டிக்காட்டியது. பாறை சொன்னபடி நடந்துகொண்டது. சந்தைதான் அமையவில்லை, சில ஆண்டுகளில் நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 2022இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகமும் சேர்ந்து, பழுத்து ஒளிரும் பொருளின் ஒளியை நேரடியாக மின்சாரமாக்கும் செல் ஒன்றில் 40 விழுக்காட்டைத் தாண்டினார்கள். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு நீராவி டர்பைனின் திறனைத் தொட்டது அது. ஆனால் அதற்கு 2,000 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். கிராஃபைட் போன்ற பொருள்களே அதைத் தாங்கும். வாரக்கணக்கில் காற்றும் வெயிலும் ஓய்ந்துபோகும் இடங்களில், சேமிப்புப் பொருள் மிக மலிவாக இருந்தால் பாதிக்கு மேல் இழந்தாலும் பரவாயில்லை என்ற நிலை வரலாம். தினசரி ஏற்றி இறக்கும் வேலைக்கு அது வராது. அங்கே பேட்டரியை வெல்ல முடியாது.

எங்கே இது பொருந்தாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எண்பது, நூறு டிகிரிக்குள் வெப்பம் போதும் என்றால் நேரடிக் கம்பியைவிட, சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் மேலானது. ஒரு யூனிட் மின்சாரத்தில் அது மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். அங்கே தண்ணீர்த் தொட்டியும் ஹீட் பம்பும் சேர்ந்ததுதான் சரியான ஜோடி. சிமென்ட் சூளை கேட்கும் 1,450 டிகிரியை இன்றைய கம்பிகளால் நாள்தோறும் தர இயலாது. அடுத்து, எந்த நேரத்தில் ஏற்றுகிறோம் என்பது. நிலக்கரி மின்நிலையம் எரித்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தை வாங்கிச் செங்கலில் ஏற்றினால், அதே நிலக்கரியை ஆலையிலேயே பாய்லரில் எரிப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் எரித்ததாகிவிடும். மிஞ்சிய நேரத்தில் மட்டும் ஏற்றுவது என்ற ஒழுங்கு இல்லாவிட்டால் இந்தத் தொழில்நுட்பம் நன்மைக்குப் பதில் கேடு செய்யும்.

நடைமுறையில் மிகப் பெரிய தடை கல்லிலோ கம்பியிலோ இல்லை, மின் இணைப்பில் இருக்கிறது. ஓர் ஆலைக்கு நாள் முழுதும் 10 மெகாவாட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 240 மெகாவாட் மணி. மின்சாரம் மலிந்து கிடப்பது நடுப்பகல் ஆறு மணி நேரம் மட்டும் என்றால், அந்த ஆறு மணிக்குள் அவ்வளவையும் எடுத்துவிட வேண்டும்: 40 மெகாவாட் இணைப்பு. அந்த நேரத்துச் செலவு போக, சேமிக்க வேண்டியது 180 மெகாவாட் மணி. டன்னுக்கு 200 யூனிட் என்று வைத்தால் 900 டன் செங்கல். அது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடத்தில் அடங்கிவிடும். செங்கல் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 40 மெகாவாட்டுக்குப் புதிய மின்மாற்றி, புதிய கேபிள், துணை மின்நிலையத்தில் இடம், இவற்றுக்கு அனுமதி கிடைப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். அதன் மேல், பல நாடுகளில் அதிகபட்சப் பளுவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறார்கள். தொகுப்பு காலியாக இருக்கும் நேரத்தில் 40 மெகாவாட் எடுத்து அதற்கு உதவி செய்தவரும், நெரிசலான மாலையில் 40 மெகாவாட் எடுத்து அதைத் திணறடித்தவரும் ஒரே கட்டணம் கட்டுகிறார்கள். இது அநியாயம். மிஞ்சிய மின்சாரத்தின் விலை பூஜ்ஜியமே ஆனாலும், அதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கம்பிக் கட்டணமும் வரியும் சேர்ந்து எரிவாயுவின் விலையைத் தாண்டிவிட்டால் எந்த ஆலை முதலாளியும் செங்கல் வாங்க மாட்டார். நேரத்துக்கு ஏற்பக் கம்பிக் கட்டணத்தை மாற்றுவதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஓர் உத்தரவு போதும்.

கடைசியாக, வீட்டளவில் இது முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். செங்கல் பெட்டியையோ மணல் தொட்டியையோ வீட்டில் வைக்க நான் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன மேற்பரப்புக் கணக்கு சிறிய அளவில் எதிராகத் திரும்பிவிடும். ஆனால் பல வீடுகளில் வெப்பச் சேமிப்பு ஏற்கெனவே இருக்கிறது. 200 லிட்டர் வெந்நீர்த் தொட்டியை 40 டிகிரி சூடேற்றினால் ஒன்பது யூனிட்டுக்கு மேல் அதில் தங்கும். பிரான்சில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொட்டிகள் பல ஆண்டுகளாக மின்வாரியக் கம்பி வழியே வரும் ஒரு சமிக்ஞையைக் கேட்டு, அணுமின் நிலையங்களின் மின்சாரம் மிஞ்சும் நள்ளிரவில் மட்டும் சூடேறிவந்தன. சூரிய மின்சாரம் பெருகியபின் அந்த மலிவு நேரத்தில் ஒரு பகுதியை 2025 நவம்பர் முதல் படிப்படியாகப் பகலுக்கு நகர்த்திவருகிறார்கள். தொட்டி அதே தொட்டி, கம்பி அதே கம்பி. சூடேறும் நேரம் மட்டும் நடுப்பகலுக்கு மாறுகிறது.